துப்பிய மாத்திரை

சென்ற வாரம் நிமியாவைத் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். மகள் அரசெலிக்கு நாளை பதினைந்தாவது பிறந்தநாள். தலைநகர் அசுன்சியோனை ஒட்டிய எங்கள் லூக்கேயில் பெண்ணுக்குப் பதினைந்து என்றால் பாதிக் கல்யாணம். மண்டபம் பிடித்தாயிற்று, ஹார்ப் வாசிக்க ஆள் சொல்லியாயிற்று, அப்பாவும் மகளும் ஆட வேண்டிய வால்ட்ஸ் நடனத்தைப் பழகி சிரிலோவுக்குக் கால் வீங்கியாயிற்று. இளஞ்சிவப்பு கவுனுக்கு ஓரம் அடிப்பது ஒன்றுதான் பாக்கி.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நிமியாவுக்கு இருமுனைக் கோளாறு. பைபோலார் என்பார்கள். மனசு சில மாதம் கூரைக்கு மேலே பறக்கும், பிறகு சில மாதம் எழுந்து பல் தேய்க்கக்கூட மாட்டேன் என்று கிடக்கும். லித்தியம் மாத்திரையின் புண்ணியத்தில் மூணு வருஷமாகத் தரையில் நடக்கிறாள். நடக்கிறாளே தவிர, வீட்டில் யாரும் அதை இன்னும் நம்பவில்லை.

அவள் சத்தமாகச் சிரித்தால் கணவன் சிரிலோ நிமிர்ந்து பார்ப்பான். சிரிக்காமல் இருந்தால் சிரிலோவின் அக்கா டிக்னா வந்து எட்டிப் பார்ப்பாள். சூப்பில் உப்பு தூக்கல் என்று சொன்னால்கூட, "மாத்திரை போட்டியா?" என்பதுதான் பதில். மற்றவர்களுக்கெல்லாம் கோபம் வருகிறது, நிமியாவுக்கு மட்டும் அறிகுறி வருகிறது. இப்படி ஒரு வீட்டில் இருப்பதைவிடத் தனியாக ஒரு தீவில் இருந்துவிடலாம் என்று அவளுக்குப் பல நாள் தோன்றியதுண்டு.

இன்று காலையிலிருந்து துணி நேராக ஓடவில்லை. ஊசி ஓரிடம், கை ஓரிடம். ஒரு வாரமாகவே இந்த நடுக்கம். சாப்பிட்டது தங்கவில்லை. எவ்வளவு குடித்தாலும் நாக்கு வறண்டது. எழுந்து நின்றால் தரை சாய்ந்தது.

வெளியே மாமரத்தடியில் தெரெரே ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் வெயிலில் எங்கள் ஊரில் யாரும் வெறும் தண்ணீர் குடிப்பதில்லை. மாட்டுக் கொம்புக் குவளையில் இலைத்தூளை நிரப்பி, பச்சிலை இடித்துப் போட்ட ஐஸ் தண்ணீரை ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலில் ஆளுக்கு ஒரு முறையாக உறிஞ்சி அடுத்தவருக்குத் தருவார்கள். இருப்பவர்களில் இளையவள்தான் ஊற்ற வேண்டும். ஆகவே அரசெலி ஊற்றினாள். சிரிலோ, டிக்னா, பக்கத்து வீட்டுக்காரர் என்று குவளை சுற்றிச் சுற்றி வந்தது. சிரிப்புச் சத்தம் ஜன்னல் வழியாக மெஷின் வரைக்கும் கேட்டது.

அந்த வட்டத்துக்கு நிமியா போய்ப் பல நாள் ஆகிறது. போனால் பேச்சு நின்றுவிடுகிறது. எல்லோரும் அவள் முகத்தை வானிலை பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். அதனால் அரசெலி அம்மாவுக்கென்று தனி ஜாடி, தனிக் குவளை கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைக்கிறாள். தனியாகத் தெரெரே குடிப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஆனாலும் நிமியாவுக்கு அந்த ஜாடி பெரிய ஆறுதலாக இருந்தது.

"இந்தாம்மா. ஐஸ் நிறையப் போட்டிருக்கேன்."

"இந்த வீட்ல என் மூஞ்சியை உத்துப் பார்க்காம ஒண்ணைக் குடுக்கிறது நீ ஒருத்திதான்டி."

அரசெலி அப்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாடியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன சூட்டோடு டிக்னா உள்ளே வந்தாள். கவுனின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடி இது, கோழி கிளறின மாதிரி?"

"கை நடுங்குதுக்கா. ஒரு வாரமா உடம்பு ஒரு மாதிரியா இருக்கு."

"வாய் ஏன் குழறுது? குடிச்சியா?"

"காலங்காத்தால யாராவது குடிப்பாங்களா?"

"நல்ல ஆளுங்க குடிக்க மாட்டாங்க" என்றாள் டிக்னா.

டிக்னாவைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிமியா படுக்கையில் கிடந்த மாதங்களில் அரசெலிக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். அந்தப் பயம் அவளை விட்டு இன்னும் போகவில்லை, அவ்வளவே. பயந்தவர்கள் கையில் அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

"காலையில மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"நான் பார்க்கலையே. எதுக்கும் இன்னொண்ணு போட்டுக்கோ. நாளைக்கு விசேஷம். ஊரே வரப்போகுது."

"அக்கா, இது அது இல்ல. எனக்கே தெரியும். அது வேற மாதிரி வரும்."

"எல்லாத் தடவையும் இதையேதானே சொன்னே?"

 எல்லாத் தடவையும் அவள் அதையேதான் சொன்னாள். அது உண்மை.

டிக்னா மாத்திரையை நீட்டினாள். வாங்கிக்கொண்டால் உடம்புக்கு ஆகாது என்று நிமியாவின் வயிறே சொன்னது. வேண்டாம் என்றால், பார் மாத்திரை வேண்டாம் என்கிறாள், ஆரம்பித்துவிட்டது என்பார்கள். இப்படியும் போக முடியாது, அப்படியும் போக முடியாது. வாங்கி வாயில் போட்டு ஒரு வாய் தெரெரேயும் உறிஞ்சினாள். டிக்னா திரும்பியதும், பக்கத்தில் கிடந்த துண்டுத்துணியில் மெல்லத் துப்பினாள்.

டிக்னா விசிறியை மறந்து வைத்திருந்தாள். அதை எடுக்கத் திரும்பி வந்தாள். இளஞ்சிவப்புத் துணியில் வெள்ளை மாத்திரை பளிச்சென்று தெரிந்தது.

"சிரிலோ! இங்க வந்து பாருடா! உன் பொண்டாட்டி மாத்திரையைத் துப்புறா!"

சிரிலோ ஃபிரிட்ஜ் மெக்கானிக். கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஓடி வந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. துணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டான்.

"எத்தனை நாளா துப்பிட்டு இருக்கே நிமியா?"

"இன்னிக்கு மட்டும்தான். அதுவும் ரெண்டாவது மாத்திரை. சிரிலோ, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"சரி, சரி. நீ உட்காரு. பதட்டப்படாதே."

அந்தச் 'சரி, சரி' நிமியாவுக்கு நன்றாகப் பழக்கம். குழந்தைக்கும் குடிகாரனுக்கும் சொல்கிற சரி அது.

அக்காவும் தம்பியும் அடுத்த அறைக்குப் போனார்கள். கதவைச் சாத்தவில்லை. நிமியா கேட்டாலும் கேட்கட்டும், இல்லாவிட்டாலும் போகட்டும் என்பது போலப் பேசினார்கள்.

"அசுன்சியோன்ல பெரிய ஆஸ்பத்திரியில இன்னிக்கே சேர்த்துடு. நாளைக்கு மண்டபத்துல அந்தப் பதினோராம் பிறந்தநாள் கூத்து மறுபடி நடந்தா என்ன பண்ணுவே?"

"அவளோட பொண்ணு விசேஷம்க்கா. அவ இல்லாம எப்படி? பொண்ணு தலையில கிரீடம் வைக்கிறது அம்மாதானே?"

"நான் வைக்கிறேன். அத்தை வைக்கக் கூடாதுன்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

சிரிலோ பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எந்தப் பக்கம் என்று நிமியாவுக்குத் தெரியும்.

அரசெலியின் பதினோராம் பிறந்தநாளைப் பற்றி அந்தத் தெருவில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நிமியா தெருவை அடைத்து மேஜை போட்டாள். போகிற பஸ்ஸை நிறுத்தி, பயணிகளை இறக்கி, உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள். வீட்டு முகப்பை ஒரே நாளில் நீலமாக அடித்தாள். பஸ்ஸின் கூரையில் ஏறி நின்று மகளுக்காகப் பாடினாள். டிரைவர் கெஞ்சிக் கூத்தாடியும் இறங்கவில்லை. அன்று அவளைவிட அழகான பெண் எங்கள் ஊரில் கிடையாது. அதற்குப் பிறகு வந்த குளிர்காலம் முழுவதும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நீலப் பெயின்ட் மட்டும் அப்படியே இருந்தது.

நிமியா கைப்பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக இருந்தால் சேர்க்கட்டும். அதற்கு முன் அவளுடைய டாக்டர் ஒரு முறை பார்த்துவிடட்டும். நான்கு தெரு தள்ளித்தான் சுகாதார நிலையம். ஆனால் கால் அகல அகல விழுந்தது. வேலிக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பேக்கரி வாசலில் நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நிமியா, விசேஷம் நாளைக்குத்தானே? இன்னிக்கே ஆட்டமா?"

சிரித்தார்கள். ஒருத்திகூட வந்து கையைப் பிடிக்கவில்லை.  வீட்டில்தான் யாரும் இல்லை என்று நினைத்தாள், தெருவிலும் இல்லை.

பின்னால் சிரிலோவின் வேன் வந்து நின்றது. உள்ளே அரசெலியும் இருந்தாள்.

"ஏறு நிமியா. தெருவுல வச்சு எதுவும் வேண்டாம்."

"ஏறுறேன். ஆனா முதல்ல டாக்டரம்மாகிட்டே போ. அவங்க அசுன்சியோனுக்கு அனுப்புன்னு சொன்னா நானே பையைக் கட்டிக்கிட்டு வரேன். சத்தியம்."

சிரிலோ யோசித்தான். பிறகு வண்டியை இடது பக்கம் திருப்பினான்.

டாக்டர் வில்லால்பாவுக்கு எப்போதும் அவசரம். ஆனால் அவசரத்திலும் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கூட வந்தவரை விட்டுவிட்டு நோயாளியிடம்தான் முதலில் பேசுவார். நிமியாவைக் கையை நீட்டச் சொன்னார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அவள் நடக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரையைத் துப்பிட்டா டாக்டரம்மா" என்றான் சிரிலோ.

"இரு சிரிலோ. நிமியா, உனக்கு என்ன தோணுது?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. நிமியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு உடம்பு சரியில்ல டாக்டரம்மா. அவ்வளவுதான். உடம்பு சரியில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மனசு மேலே போற சமயத்துல, உடம்பு சரியில்லைன்னு என்னிக்காவது சொல்லியிருக்கியா?"

"அப்பவா? சொல்லவே மாட்டேன். எனக்கு ஒண்ணுமே இல்ல, நீங்கதான் எல்லாரும் சீக்காளிங்கன்னு சண்டை போடுவேன்."

"அதான் விஷயம்" என்றார் டாக்டர். "சிரிலோ, இவளுக்கு வியாதி திரும்பல. லித்தியம் உடம்புல தேங்கிப்போச்சு. நடுக்கம், குழறல், வாந்தி எல்லாம் அதனாலதான். இன்னொரு மாத்திரை உள்ள போயிருந்தா விபரீதமாகியிருக்கும். துப்பினது நல்லதாப் போச்சு."

சிரிலோவின் முகம் வெளுத்தது. மெல்ல நிமியாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். காய்ச்சல் பார்ப்பது போல இல்லாமல், புருஷன் பெண்டாட்டி கையைப் பிடிப்பது போலப் பிடித்தான்.

"மன்னிச்சுக்கோ நிமியா. நீ சொன்னே. நான் கேட்கல."

நாலு வருஷத்தில் நிமியா கேட்ட நல்ல வார்த்தைகளை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும் இதை மறு தட்டிலும் போட்டால் இதுதான் இறங்கியிருக்கும். அவள் சிரித்தாள். சிரிலோ அந்தச் சிரிப்பை உற்றுப் பார்க்கவில்லை.

"மாத்திரையை நிறுத்தி வைப்போம். ரத்தம் எடுத்து, டிரிப் போட்டுப் படுக்க வைக்கிறேன்" என்றார் டாக்டர். "நாளைக்கு மத்தியானம் ரிசல்ட் வரும். எல்லாம் இறங்கியிருந்தா சாயந்திரம் ஒரு மணி நேரம் விசேஷத்துக்குப் போயிட்டு வரலாம். நாற்காலியில உட்காரணும், ஆட்டம் கிடையாது."

"கிரீடம் வைக்கலாமா?"

"கிரீடம் வைக்கலாம்." டாக்டரும் சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறியது. "ஆனா ஏன் தேங்குச்சு? தெரெரேல என்ன பச்சிலை போடுறீங்க?"

"வழக்கமான புதினா, எலுமிச்சம்புல், அவ்வளவுதான்" என்றான் சிரிலோ.

"போன மாசம் இதே அறையில மூணு பேரும் இருந்தீங்க. சிறுநீரைக் கழியவைக்கிற பச்சிலையும் இந்த மாத்திரையும் ஒத்துக்காதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"ஞாபகம் இருக்கு டாக்டரம்மா. எங்க வீட்ல யாரும் போடல."

அரசெலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமியா அதைக் கவனித்தாள்.

டிரிப் பாட்டிலும் ஊசியும் வெளியே மருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும். சிரிலோ ஓடினான். நிமியாவைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

"அரசெலி, என் ஜாடியில என்ன போட்டே?"

அரசெலி சட்டை நுனியை முறுக்கினாள்.

"அத்தைகிட்ட சொல்ல மாட்டேன். என்கிட்ட சொல்லு."

"மூலையில தொமாசாவோட பச்சிலைக் கடையில வாங்கினேன்" என்றாள் அரசெலி.  "ஒண்ணுக்கு நிறையப் போகிற பச்சிலை கேட்டேன். டாக்டரம்மா ரெண்டும் ஒத்துக்காதுன்னு சொன்னாங்கல்ல? அது மாத்திரையைக் கழுவி வெளியே தள்ளிடும்னு நினைச்சேன். இப்படி உள்ளேயே தேக்கி வைக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மாத்திரையை ஏன்டி கழுவணும்?"

"எனக்கு அந்த அம்மா வேணும்." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். "பஸ் மேல ஏறிப் பாடின அம்மா. வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடிச்ச அம்மா. நாளைக்கு ஒரு நாள் மட்டும் வந்தாப் போதும்னு நினைச்சேன். எல்லாப் பொண்ணுங்க விசேஷத்துலயும் அவங்க அம்மா ஆடுறாங்க. நீ மூலையில உட்கார்ந்து, எல்லாரும் உன்னைப் பார்க்கிறாங்களான்னு பார்த்துக்கிட்டு இருப்பே."

 வீட்டில் எல்லோரும் அந்தப் பழைய நிமியா வந்துவிடுவாளோ என்று பயந்தார்கள். மகள் ஒருத்தி அவள் வரவில்லையே என்று ஏங்கினாள். நடுவில் இருக்கிற இவளை, காலையில் எழுந்து மாத்திரை போட்டு மெஷின் முன் உட்காருகிற இவளை, கேட்டு வந்தவர் யாருமே இல்லை. ஆறுதலாக நினைத்த அந்த ஜாடிகூட வேறொருத்திக்காக வைத்ததுதான்.

"அவ வந்தா நான் எங்கடி போறது?" என்றாள் நிமியா.

அரசெலிக்குப் புரிந்ததோ இல்லையோ, அம்மாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். நிமியா நடுங்குகிற கையால் அவள் தலையைத் தடவினாள். கோபம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்வதற்கில்லை. ஆனால் இந்தக் குழந்தை நாளைக்குத்தான் பெரியவளாகப் போகிறாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். சிரிலோ மருந்துப் பையோடு வந்தான். பின்னாலேயே டிக்னா. அவள் கையில் நிமியாவின் ஜாடி. விஷயத்தைப் போனில் கேட்டதும் டிக்னா நேராகப் போய் அந்த ஜாடியைத்தான் வடிகட்டிப் பார்த்திருக்கிறாள்.

"இங்க பாரு." ஜாடியின் அடியில் கிடந்த பச்சைத் தண்டுகளை விரலால் எடுத்துக் காட்டினாள். "இது எங்க உரல்ல இடிச்சது இல்ல. எனக்கு வந்த கோபத்துக்கு! நிமியா, உன்னைச் சந்தேகப்பட்டேன், அது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா இதைப் போட்டது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். கொலைகாரத்தனம் இது! இப்பவே தொமாசாகிட்டே போய்க் கேட்கப் போறேன்."

அரசெலியின் விரல்கள் நிமியாவின் புறங்கையில் இறுகின. டிக்னாவின் கோபம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு மண்டபத்தில் அம்மாவுக்கு விஷம் வைத்த பெண் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சு பதினைந்தோடு போகாது.

"எங்கேயும் போக வேண்டாம்க்கா" என்றாள் நிமியா. "நான்தான் போட்டேன்."

டிக்னா ஜாடியை மேஜையில் வைத்தாள்.

"நீயா?" என்றான் சிரிலோ.

"ஆமா."

"டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும்?"

"சொல்லியும்தான்."

"ஏன்?"

நிமியாவால் காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கத் தேவையும் இருக்கவில்லை, வியாதி என்ற காரணம் அவர்களிடம் தயாராக இருந்தது. டிக்னா தம்பியைப் பார்த்தாள். நான்தான் சொன்னேனே என்கிற பார்வை. சிரிலோ மருந்துப் பையை மேஜையில் வைத்தான். படுக்கையின் அருகே வரவில்லை.

"சரி, சரி" என்றான். "நீ இங்கேயே இரு. ரிசல்ட் எப்படி வந்தாலும் நாளைக்கு இங்கேயே இரு. கிரீடத்தை அக்கா வைக்கட்டும். அரசெலி, வா போகலாம்."

"போடி" என்றாள் நிமியா மகளிடம். "அந்த ஓரத்தைப் பிரிச்சு அத்தையைத் தைக்கச் சொல்லு. கோணலாப் போச்சு."

அரசெலி எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"அப்பா" என்றாள். குரல் வரவில்லை. மறுபடியும் சொன்னாள். "அப்பா, ஒரு நிமிஷம்."

சிரிலோ நின்றான். டிக்னாவும் நின்றாள். படுக்கையில் நிமியாவின் தலை இடமும் வலமும் அசைந்தது. நடுக்கம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து டிக்னா நர்ஸைக் கூப்பிட்டாள். அம்மா வேண்டாம் என்கிறாள் என்பது அரசெலிக்கு மட்டும் தெரிந்தது.